திருகோணமலைக் கிளையில் ஆட்குறைப்பு: சொல்ல வேண்டியது நான்தான், எப்படிச் சொல்வது?

கோட்டைமான்

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் ஒரு தொண்டு நிறுவனத்தின் மாவட்டப் பொறுப்பில் இருக்கிறேன், பெயர் வேண்டாம். 2025 ஜனவரி 20ஆம் திகதி அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாளுக்கு நிறுத்தி வைத்ததிலிருந்து இந்த ஊரில் எந்த என்.ஜி.ஓ. ஒபிசுக்குள் போனாலும் ஒரே கதைதான். எங்களுக்குக் காசு தருகிறவர்கள் வேறு நாட்டுக்காரர்கள், ஆனாலும் அவர்களும் கையை இறுக்கிவிட்டார்கள். மூதூர், ஈச்சிலம்பற்றுப் பக்கம் நடக்கிற வாழ்வாதாரத் திட்டம் இன்னும் ஒரு வருடம் ஓடியிருக்க வேண்டியது, மார்ச்சோடு நிறுத்தப்படுகிறது. கிளையில் 14 பேர். மூன்று பேர்தான் மிஞ்சுவோம், அதில் நானும் ஒருத்தி.

கொழும்பு சொல்வது: மாதக் கடைசி வரை வாயைத் திறக்காதீர்கள், கடிதங்கள் ஆயத்தமானதும் ஒரே நாளில் கொடுத்துவிடலாம்.

இதற்கிடையில் போன வியாழக்கிழமை எங்கள் டிரைவர் அண்ணை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார், கையில் லீசிங் கம்பனியின் படிவம். மகன் ஓட்டுவதற்குப் பழைய ஆட்டோ ஒன்று பார்த்திருக்கிறாராம், சம்பளத்தை உறுதிப்படுத்தி நிறுவனம் கையெழுத்து வைக்க வேண்டும். முற்பணத்துக்கு மனைவியின் காப்பு இரண்டையும் அடகு வைக்கப் போகிறார்கள். படிவத்தில் 'நிரந்தர ஊழியரா' என்று ஒரு கட்டம், அதில் பென்சிலால் மெல்லிதாக 'ஆம்' என்று அவரே குறித்திருந்தார், நான் பேனையால் எழுதினால் போதும் என்று. தலைமைக் காரியாலயத்திடம் கேட்க வேண்டும் என்று சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கேட்பார்.

ஆட்களை மனிதராக நடத்தி அனுப்ப வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். இப்படி ஒன்றைக் கடந்து வந்தவர்கள், செய்தவர்கள், அனுபவித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நிலாவெளிக்காற்று

அக்கா, முதலில் அந்தப் படிவத்தைப் பற்றி. கையெழுத்து வைக்காதீர்கள். வைக்காமல் 'கொழும்பில் இருந்து இன்னும் வரவில்லை' என்று இழுத்தடிக்கவும் வேண்டாம், அவர் வேறு வழியில் காசு புரட்டிவிடுவார். கொழும்புக்கு நாளைக்கே எடுத்து, என் ஊழியர் ஒருவர் கடனில் விழப் போகிறார், நான் இவருக்குச் சொல்லத்தான் போகிறேன், ஒருவருக்குச் சொல்லிப் பத்துப் பேருக்கு மறைக்க முடியாது, ஆகவே எல்லோருக்கும் இந்தக் கிழமையே சொல்ல அனுமதி தாருங்கள் என்று கேளுங்கள். பொதுவாக 'வெளிப்படையாக இருக்க வேண்டும்' என்று மின்னஞ்சல் போட்டால் யாரும் அசைய மாட்டார்கள். ஆட்டோ, காப்பு, பென்சில் குறி என்று சொன்னால் அசைவார்கள்.

நான் ஹோட்டல் துறை. எங்கள் சீசன் மே தொடங்கி செப்டெம்பர் வரை, 2019இல் ஏப்ரல் 21 குண்டுவெடிப்பு சரியாக அந்த வாசலில் வந்து விழுந்தது. புக்கிங் எல்லாம் ஒரு கிழமைக்குள் போய்விட்டது. அப்போது நான் வேலை செய்த இடத்தில் பெயர்ப் பட்டியலை கொழும்பில் இருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அறை சுத்தம் செய்கிற பிள்ளைகள் காலையில் சைக்கிளில் வந்து, கேற்றில் காவலாளி பட்டியலைப் பார்த்து 'உனக்கு இன்றைக்கு இல்லை' என்று சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள். அந்தக் காவலாளியும் இருப்பது இறக்கண்டியில், அந்தப் பிள்ளைகளின் பக்கத்து வீடு. இன்றைக்கும் அவர்கள் அவரோடு கதைப்பதில்லை, பட்டியல் போட்டவருடைய முகத்தை அவர்கள் கண்டதே இல்லை.

2020இல் வேறு இடத்தில் பொறுப்பாக இருந்தேன். மார்ச்சில் ஊரடங்கு வந்து எல்லாம் மூடியபோது முதலாளியிடம் கேட்டு ஒரு வெள்ளைத்தாளில் வங்கியில் எவ்வளவு இருக்கிறது, மின் கட்டணம் எவ்வளவு, ஒரு மாதச் சம்பளம் மொத்தம் எவ்வளவு, இப்படியே போனால் எந்த மாதத்தில் காசு தீரும் என்று எழுதி, ஊழியர் சாப்பாட்டு அறையில் ஒட்டினோம். இரண்டு நாள் அதைப் பற்றியே கதை. அப்புறம் சமையல்காரர்கள் தாங்களாகவே வந்து, எங்களை மாற்றி மாற்றிக் கூப்பிடுங்கள், அரைச் சம்பளம் தாருங்கள், ஆனால் யாரையும் நிறுத்த வேண்டாம் என்றார்கள். அந்த வருடம் அரசாங்கம், முதலாளிமார், தொழிற்சங்கங்கள் மூன்று தரப்பும் சேர்ந்து, வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறவர்களுக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபா, எது கூடவோ அதைக் கொடுப்பதென்று இணங்கியிருந்தார்கள், அதை வைத்துத்தான் ஓட்டினோம். எல்லோரையும் காப்பாற்ற முடியவில்லை. போனவர்களும் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள், சிலர் சீசன் திரும்பியதும் திரும்பியும் வந்தார்கள்.

உங்கள் நிலைமை வேறு, திட்டம் முடிந்தால் காசு முடிந்தது. ஆனாலும் 14 பேரில் 11 பேர் என்ற எண்ணிக்கையை யார் போட்டது, அதில் அசைக்க ஏதும் இடம் உண்டா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். வாகன வாடகை, கட்டட வாடகை, பயிற்சி, விளம்பரப் பலகை என்று வரவு செலவில் கிடக்கிற காசு ஆளுக்கு இன்னொரு மாதச் சம்பளமாக மாறலாம். அதைக் கேட்கக்கூடிய ஆள் அந்த அறையில் நீங்கள் ஒருவர்தான்.

தம்பலகாமம்வயல்

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. முன்கூட்டியே சொன்னால் என்ன நடக்கும் என்று பார்த்திருக்கிறேன். மூன்று கிழமை யாரும் வேலை செய்யமாட்டார்கள், கிராமங்களில் போய் 'திட்டம் நிற்குது' என்று சொல்வார்கள், சனம் ஒபிசுக்கு வந்து நிற்கும், மடிக்கணினி இரண்டு காணாமல் போகும். காசோலையும் கடிதமும் கையில் இல்லாமல் வெறும் வாயால் துக்கச் செய்தி சொல்வதில் என்ன மனிதாபிமானம்? எல்லாவற்றையும் ஆயத்தப்படுத்தி, ஒரே நாளில் சொல்லி, அன்றைக்கே காசைக் கையில் கொடுங்கள். டிரைவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு 'இப்போது கடன் எடுக்காதே' என்று சொன்னால் போதும்.

கிண்ணியாப்பாலம்

தம்பலகாமம்வயல் நானா, டிரைவருக்கு அப்படிச் சொன்னால் அன்று பின்னேரமே மூதூர் வரைக்கும் தெரியும். இது திருகோணமலை.

நான் இன்னொரு நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தேன், எங்களுக்கு நீங்கள் சொன்ன மாதிரித்தான் செய்தார்கள். ஒரே நாள், ஒரே கூட்டம், கடிதம், காசோலை. காசில் ஒரு குறையும் இல்லை, அதை மறைக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தோம், 'இன்றைக்கு மடிக்கணினியையும் சிம்மையும் ஒப்படையுங்கள்' என்றார்கள். சிம்மில்தான் என்னுடைய மகளிர் குழுத் தலைவிகளின் இலக்கங்கள் எல்லாம் இருந்தன. சம்பூர்ப் பக்கம் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த சனம், அவர்கள் என்னை நம்பித்தான் சேமிப்புப் புத்தகத்தைத் திறந்தார்கள், என்.ஜி.ஓ.வை நம்பி இல்லை. அடுத்த கிழமை சந்தையில் ஒரு அக்கா என்னைக் கண்டு, ஏன் தம்பி வரவில்லை, நாங்கள் ஏதும் பிழை விட்டோமா என்று கேட்டார். வேலை போனதைவிட அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

எனவே கோட்டைமான் அக்கா, எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வெளிக்கள ஆட்கள் கிராமங்களுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வர நாள் கொடுங்கள். ஒபிஸ் வாகனத்தைக் கொடுங்கள், எரிபொருளைக் கொடுங்கள், குழுக்களின் கணக்குப் புத்தகங்களை யாரிடம் கொடுப்பது, பிரதேச செயலகத்தில் எந்த உத்தியோகத்தர் இனிமேல் பார்ப்பார் என்று அவர்களே ஒப்படைக்கட்டும். அதைச் செய்து முடித்தால் தலை நிமிர்ந்து அந்தத் தெருவால் போகலாம். சாமான் காணாமல் போகும் என்று பயந்துதான் எங்களைப் பூட்டினார்கள், அந்த ஒபிசில் அத்தனை வருடத்தில் ஒரு பேனை காணாமல் போகவில்லை.

இன்னொன்று, மார்ச் தொடக்கத்தில் நோன்பு. உங்களிடம் முஸ்லிம் ஊழியர் இருந்தால் கடைசிச் சம்பளம் எந்தத் திகதி வரும் என்பதை முதல் நாளே சொல்லுங்கள். ஏப்ரல் வருடப்பிறப்புக்கு மற்றவர்களுக்கும் அதே கேள்விதான்.

பழையகோப்பு

நான் தொழில் திணைக்களத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். மனிதாபிமானம் பற்றி நன்றாகக் கதைக்கிறீர்கள், ஆனால் சட்டத்தை ஒருவரும் தொடவில்லை.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதென்றால் ஒன்றில் அவருடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அந்த நிறுத்தமே செல்லாது. 15 பேருக்குக் குறைவான இடங்களுக்கு இது பொருந்தாது, அதைச் சாட்டாகச் சொல்லி 'திருகோணமலைக் கிளையில் 14 பேர்தானே' என்று யாராவது சொல்ல வரலாம். எண்ணுவது கிளையை அல்ல, தொழில் தருநரை. நாடு முழுக்க எத்தனை பேர் என்று பாருங்கள்.

ஒப்பந்தத் திகதி முடிந்து போவது வேறு, இடையில் முறிப்பது வேறு. தங்கச்சி, நீங்கள் சொல்கிறபடி இன்னும் ஒரு வருடம் இருந்திருக்க வேண்டிய திட்டம். ஆட்களின் நியமனக் கடிதத்தில் எந்தத் திகதி போட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். வருடா வருடம் புதுப்பித்துப் புதுப்பித்து ஏழெட்டு வருடம் வைத்திருந்த ஆளை 'ஒப்பந்தம் முடிந்தது' என்று ஒரு வரியில் அனுப்பினால் அது கேள்விக்கு உள்ளாகும்.

ஆணையாளர் தீர்மானிக்கிற நட்டஈட்டுக்கு வர்த்தமானியில் சூத்திரம் இருக்கிறது. முதல் 5 வருடத்துக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம், 6 முதல் 14 வரை இரண்டு மாதம், அதற்கு மேல் படிப்படியாகக் குறையும். 10 வருடம் வேலை செய்த ஒருவருக்கு 22.5 மாதச் சம்பளம் வரும், கணக்குப் போட்டுப் பாருங்கள். மேல் எல்லை 2021இல் 25 இலட்சமாகக் கூட்டப்பட்டது. கொழும்பு 'ஆளுக்கு இரண்டு மாதச் சம்பளம், பெரிய மனது பண்ணித் தருகிறோம்' என்று அனுப்பினால் இந்தக் கணக்கை அவர்களுக்கு முன்னால் வையுங்கள்.

நட்டஈடு வேறு, பணிக்கொடை வேறு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி 5 வருடம் பூர்த்தி செய்த மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, என் உத்தியோக காலம் முழுக்க நான் கண்ட கொடுமை. 'நானாக விலகுகிறேன்' என்று எழுதித் தா, அப்போதுதான் காசு என்று கேட்பது. ஊழியர் அழுதுகொண்டே எழுதிக் கொடுப்பார், ஆறு மாதத்துக்குப் பிறகு எங்களிடம் வருவார். முறைப்பாடு செய்ய ஆறு மாதம்தான் காலம், அதற்குப் பிறகு எங்களால் செய்ய ஒன்றும் இல்லை. அப்படி ஒரு தாளை யாரிடமும் வாங்க மாட்டேன் என்று உங்கள் தலைமைக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

கோட்டைமான்

ஐயா, மிக்க நன்றி. இதில் பாதி எனக்கே தெரியாது. நியமனக் கடிதங்களை இன்றைக்கே எடுக்கிறேன். அக்கவுண்டன்ட் தங்கச்சி ஈபிஎப், அதாவது ஊழியர் சேமலாப நிதி பற்றிக் கேட்பாள், அதையும் எடுக்கலாமா?

பழையகோப்பு

ஈபிஎப் பொதுவாக ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதில்தான். 10 வருடம் கட்டியிருந்து கணக்கில் 3 இலட்சமாவது இருந்தால் வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் 30 வீதம் எடுக்க வழி உண்டு. ஈடிஎப், அதாவது ஊழியர் நம்பிக்கை நிதியை, வேலை விட்டதும் எடுக்கலாம், முன்பு ஒரு தடவை எடுத்திருந்தால் அதிலிருந்து 5 வருடம் போயிருக்க வேண்டும்.

முக்கியம் இதுதான்: இரண்டிலும் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் சரியா என்று ஒபிஸ் திறந்திருக்கும்போதே பாருங்கள். நம் ஆட்களின் பெயரை ஆங்கிலத்தில் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதியிருப்பார்கள். திருத்துவதற்கு நிறுவனத்தின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். கிளையை மூடிய பிறகு அந்த முத்திரையைத் தேடி யார் எங்கே போவது?

சல்லிக்கடல்

என் கணவர் 2022இல் வேலை இழந்தவர். பெற்றோல் வரிசையும் மின்வெட்டுமாக இருந்த காலம். அவர் எனக்கு இரண்டு மாதம் சொல்லவில்லை. காலையில் வெளிக்கிட்டுப் போய் உட்துறைமுக வீதியில் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுப் பின்னேரம் வருவார். கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அவரில் கோபப்படவில்லை. நிறுவனம் காரணத்தை ஒழுங்காக எழுதிக் கொடுத்திருந்தால் அதை என்னிடம் நீட்டியிருப்பார். 'சேவை தேவையில்லை' என்று ஒரு வரி ஆங்கிலத்தில், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு தன்னில்தான் ஏதோ பிழை என்று நினைத்துவிட்டார்.

கடிதத்தில் காரணத்தை எழுதுங்கள் அக்கா. நிதி நின்றது, ஆளின் வேலையில் குறை இல்லை என்று தமிழில் எழுதுங்கள், சிங்கள ஊழியருக்குச் சிங்களத்தில். வீட்டில் காட்டக் கூடியதாக இருக்க வேண்டும்.

நிலாவெளிக்காற்று

சல்லிக்கடல் அக்கா சொன்னதை நான் எங்கும் கேட்டதில்லை, மனதில் பதிந்தது.

சொல்லும் முறை பற்றி என் பங்குக்கு: ஒவ்வொருவரையும் தனியாகச் சந்தியுங்கள், ஆனால் எல்லோரையும் ஒரே காலைக்குள். முதல் வசனத்திலேயே விசயத்தைச் சொல்லுங்கள். 'எப்படி இருக்கிறீர்கள், பிள்ளைகள் படிக்கிறார்களா' என்று தொடங்கினால் அவர் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார், அடுத்த நிமிடம் அந்தச் சிரிப்பே அவருக்கு அவமானமாகிவிடும். 'எனக்கும் கஷ்டமாக இருக்கிறது' என்று சொல்லாதீர்கள், உங்களுக்குச் சம்பளம் வரும். அழுதால் அழட்டும், தண்ணீர் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். திகதி, தொகை, அடுத்து செய்ய வேண்டியது மூன்றும் ஒரு தாளில் இருக்கட்டும், அந்த நேரத்தில் காதில் ஒன்றும் ஏறாது. வெள்ளிக்கிழமை வேண்டாம், அடுத்த நாள் வந்து கேள்வி கேட்க ஒரு கதவு திறந்திருக்க வேண்டும்.

மிஞ்சுகிற இருவரையும் மறக்காதீர்கள். 'உங்களுக்கு அதிர்ஷ்டம்' என்று யாரும் சொல்ல விடாதீர்கள். போனவர்களின் வேலை முழுவதையும் அவர்கள் தலையில் கட்டினால் மூன்று மாதத்தில் அவர்களும் போவார்கள். எந்த வேலையை இனிச் செய்ய மாட்டோம் என்று கொழும்பிடம் எழுதி வாங்குங்கள்.

கோட்டைமான்

எல்லோருக்கும் பதில் எழுதப் பிந்திவிட்டது.

ஞாயிறு இரவே கொழும்புக்கு எடுத்தேன், நிலாவெளிக்காற்று தம்பி சொன்னபடி ஆட்டோவையும் காப்பையும் பற்றித்தான் பேசினேன். முதலில் 'பார்ப்போம்' என்றார்கள். நாளை காலை அவர் கேட்பார், நான் பொய் சொல்ல மாட்டேன் என்று சொன்னதும் மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம் செவ்வாய்க்கிழமை சொல்லலாம் என்றார்கள். பழையகோப்பு ஐயாவின் கணக்கை அனுப்பினேன். ஆளுக்கு இரண்டு மாதம் என்று இருந்தது மாறிவிட்டது, சட்டத்தரணியிடம் காட்டிச் சேவைக்காலப்படி கணக்கிடுகிறார்கள், எழுத்து மூலமான சம்மதம் அந்தத் தொகையைப் பார்த்த பிறகுதான் கேட்கப்படும். தானாக விலகும் கடிதம் என்ற பேச்சு என் பக்கம் வரவே இல்லை, நான் முந்திக்கொண்டு எழுதிவிட்டேன்.

திங்கட்கிழமை டிரைவர் அண்ணை வந்தார். படிவத்தைத் திருப்பிக் கொடுத்து, அண்ணை, நாளைக்குக் காலையில் எல்லோரோடும் ஒரு முக்கிய விசயம் கதைக்க இருக்கிறேன், அதுவரை காப்பை அடகு வைக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அவர் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். விளங்கிவிட்டது. ஆனால் செவ்வாய் காலை வரை ஒருவருக்கும் அவர் சொல்லவில்லை, தம்பலகாமம்வயல் நானா இதைக் கவனிக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமையைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை, அது அவர்களுடைய நாள். ஒருவர் கோபப்பட்டார், கோபப்பட அவருக்கு உரிமை இருக்கிறது. கேட்ட கேள்வி எல்லாவற்றிலும் கடினமானது 'ஏன் நான், ஏன் அவர் இல்லை' என்பதுதான். யார் மிஞ்சுவது என்று தீர்மானித்த விதத்தை முன்பே எழுதி வைத்திருந்தேன், மிஞ்சுகிற சிறிய திட்டத்துக்கு எந்த வேலை தேவை, அந்த வேலையில் யார் மூத்தவர் என்று. அந்தத் தாளைக் காட்டினேன். ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன், வாசித்தார்.

இந்தக் கிழமை முழுக்க வாகனம் மூதூர்ப் பக்கம்தான். வெளிக்கள ஆட்கள் கிராமங்களுக்குப் போய்ச் சொல்கிறார்கள், ஈச்சிலம்பற்றில் ஒரு மகளிர் குழு சோறு சமைத்து எல்லோரையும் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டிருக்கிறது. மடிக்கணினிகள் எல்லாம் இருக்கின்றன.

கடிதங்களைத் தமிழில் நானே எழுதினேன், இரண்டு பேருக்குச் சிங்களத்தில் எழுத உதவி எடுத்தேன். காரணத்தை நேராக எழுதியிருக்கிறேன் சல்லிக்கடல்.

ஐயா, ஒரு கேள்வி மிச்சம். நீங்கள் சொன்னது சரிதான், பெயர் மாறி இருக்கிறது. ஒருவருக்கு அடையாள அட்டையில் ஒரு எழுத்து, ஈபிஎப்பில் வேறு எழுத்து. காவலாளி ஐயாவுக்கு அடையாள அட்டை இலக்கமே பிழை. என்ன செய்வது?

கிண்ணியாப்பாலம்

அக்கா, கிண்ணியாவிலும் டவுனிலும் ஆள் எடுக்கிற இரண்டு மூன்று இடங்கள் எனக்குத் தெரியும், வெளிக்கள அனுபவம் கேட்கிறார்கள். உங்கள் ஆட்கள் சம்மதித்தால் விபரங்களைத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். சேவைச் சான்றிதழில் பதவியை மட்டும் எழுதாமல் எந்தக் கிராமம், எத்தனை குழு, என்ன மொழி, மோட்டார் சைக்கிள் ஓட்டுவாரா என்று எழுதிக் கொடுங்கள், இங்கே அதைத்தான் பார்க்கிறார்கள். டிரைவர் அண்ணைக்குக் கனரக லைசன்ஸ் இருக்கிறதா என்றும் கேட்டுச் சொல்லுங்கள்.

பழையகோப்பு

தங்கச்சி, பெயர் மாறிய ஆளுக்கு அடையாள அட்டைப் பிரதியும், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று நிறுவனத்தின் உறுதிப்படுத்தல் கடிதமும் ஆயத்தப்படுத்துங்கள், கிராம உத்தியோகத்தரின் சான்றையும் கையோடு எடுத்துவிட்டால் நல்லது. காவலாளியின் விசயம் கொஞ்சம் பொறுமை கேட்கும், பழைய சம்பளச் சிட்டைகளையும் நியமனக் கடிதத்தையும் தேடி எடுங்கள். எல்லாவற்றையும் திருகோணமலை தொழில் காரியாலயத்துக்கு நீங்களே அவரோடு போய்க் கொடுங்கள், அவரைத் தனியே அனுப்ப வேண்டாம். மார்ச் முடிவதற்குள் போங்கள், முத்திரை உங்கள் கையில் இருக்கும்போதே.